மாடிக்கு மேலே நின்ற செயற்கைக்கோள்

கரும்பாறைப்பேட்டையில் ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வந்து போன பிறகு, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால், செயற்கைக்கோள் ஒன்று வானத்திலிருந்து இறங்கி வந்து, ஓய்வுபெற்ற வாரண்ட் ஆபீசர் தணிகாசலத்தின் மொட்டைமாடிக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், எதன்மீதும் சாயாமல், எதிலிருந்தும் தொங்காமல் நின்றுகொண்டது. ஒரு மினி பஸ் அளவு இருந்தது. உடம்பைச் சுற்றியிருந்த தங்க நிறத் தாள் அங்கங்கே கிழிந்து காற்றில் சலசலத்தது. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீலக் கண்ணாடிப் பலகைகள் நீண்டிருந்தன. கீழே பார்த்தபடி இருந்த அதன் பெரிய கண், வெந்த முட்டை போல வெளுத்துப் போயிருந்தது.

அப்போது தணிகாசலம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாளியில் மீதியிருந்த இரண்டு சட்டைகளையும் உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"மாடியில இன்னாங்க சத்தம்?" என்று அடுக்களையிலிருந்து மனைவி பூங்காவனம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சாட்டிலைட்டு ஒண்ணு வந்து நிக்குது."

"நம்ம மாடியிலயா?"

"மேல. தொடலை."

பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "காத்துல அந்தத் தாளு பிச்சிக்கினு போய்டும் போல கீது," என்றாள். அவ்வளவுதான். கரும்பாறைப்பேட்டை வீட்டுக்கு ஓர் ஆளைப் படைக்கு அனுப்பிய ஊர். பனிமலையில் கால்விரல்களை விட்டுவிட்டு வந்தவர்களும், பெட்டியில் வந்தவர்களும், வந்தும் வராதவர்களும் உள்ள ஊர் அது. வானத்திலிருந்து ஒன்று இறங்கி ஒரு வீட்டைத் தேடி வந்து நிற்பதில் அந்த ஊருக்கு ஆச்சரியப்பட அதிகம் இருக்கவில்லை. எந்த வீடு என்பதுதான் பேச்சாக இருந்தது.

முதல் நாள் கூட்டம் கூடியது. தீயணைப்பு வண்டி வந்து கயிறு வீசி இழுத்துப் பார்த்தது. கயிறு அறுந்தது, கோள் அசையவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து, புறம்போக்கில் நிற்கிறதா பட்டா நிலத்தில் நிற்கிறதா என்று கேட்டு, காற்றில் நிற்கிறது என்றதும் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் வாரம் தபால்காரர் அந்தத் தெருவின் எல்லா வீட்டுக்கும் அதை வைத்தே அடையாளம் சொன்னார். மூன்றாம் வாரம் காக்கைகள் வலது இறக்கையில் கூடு கட்டின. பக்கத்து வீட்டு ஷம்ஷாத்தின் மாடியில் மத்தியான வெயில் மறைந்துபோனதால் அவள் மிளகாயைத் தெருவின் அந்தக் கோடியில் கொண்டுபோய்க் காயவைத்தாள். வெயில் தாங்காத கிழவர்கள் தணிகாசலத்தின் வீட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி பிறந்தபோது, அது இல்லாமல் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நகரத்திலிருந்து ஒரு கர்னல் ஜீப்பில் வந்தார். கோளைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, கையோடு கொண்டு வந்திருந்த கடிதத்தைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். அரசுப் பதிவின்படி மேற்படி பொருள் பூமியிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் செயலிழந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆகவே மேற்படி வீட்டின் மேலே நிற்பது மேற்படி பொருள் அல்ல என்று அதில் எழுதியிருந்தது.

"அப்போ இது இன்னாங்க சார்?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"அது எங்க கேள்வி இல்லம்மா," என்றார் கர்னல். போகும்போது தணிகாசலத்தின் தோளில் கைவைத்து, மெதுவாக, "நீங்க எடுத்த உறுதிமொழி ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறமும் செல்லும். ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு சார்."

எல்லாவற்றையும் ஊர் ஏற்றுக்கொண்டது. தினமும் சாயங்காலம் நாலு நாற்பதுக்கு அது பேசியதையும் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் திரும்பும் நேரத்தில், முதலில் வடைச்சட்டியில் எண்ணெய் காய்வது போல ஒரு கரகரப்பு வரும். பின்னால் மனிதக் குரல்கள் வரும். ஓர் ஆணின் குரல், பிறகு இன்னோர் ஆண், பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில், பின்னணியில் காற்றும் தண்ணீரும் மோதுகிற ஓசை. யாருக்கும் தெரியாத பாஷை. பன்னிரண்டு நிமிடம். கடைசிக் குரல் இளங்குரல். ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்கிறவர் மைக்கைக் கையில் பிடித்தபடி அந்தப் பன்னிரண்டு நிமிடமும் காத்திருந்து, அது முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். அந்தக் குரல்களில் "எலா மோரே, எலா மோரே" என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கத்துக்குப் பதில் "எலா மோரே" என்றார்கள். ஒளிந்து விளையாடும்போது தேடுகிறவன் "எலா மோரே" என்று கத்தினான்.

தணிகாசலம் மட்டும் நாலரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியே போனார். கருங்கல் குவாரியைத் தாண்டி, காதுக்கு ஒன்றும் எட்டாத தூரத்துக்குப் போய், ஐந்து மணிக்குத் திரும்பினார். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. வாரண்ட் சாருக்குச் சர்க்கரை, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளாதவள் பூங்காவனம் ஒருத்திதான். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். புருஷன் எந்தெந்த ஊரிலோ படை முகாம்களில் இருந்த காலமெல்லாம் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பிரசவ வலியையும் சாவுச் செய்தியையும் நெல் விலையையும் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாவிட்டாலும், கூப்பிடுகிற குரலுக்கும் பேசுகிற குரலுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். புரட்டாசி மாதத்தில் ஒருநாள் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். குரல் வந்ததும், நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க, லைன்ல கீறேன்," என்றாள். பன்னிரண்டு நிமிடமும் ஒவ்வொரு குரலுக்கும் சொன்னாள். மறுநாளும் போனாள். பத்து நாளில் ஷம்ஷாத்தும் கூட வந்து உட்கார்ந்தாள். பூங்காவனத்துக்கு முடியாத நாளில் ஷம்ஷாத் சொன்னாள். ஷம்ஷாத்துக்கு வேலை இருந்தால் தையல்கடை அற்புதம் வந்தாள். யாரும் முறை போடவில்லை, ஆனால் ஒருநாளும் நாற்காலி காலியாக இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, பூண்டு உரித்துக்கொண்டிருந்த பூங்காவனம் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அவங்க யாருங்க?"

தணிகாசலம் பேப்பரை மடித்தார்.

"யாரு?"

"தினமும் கூப்புடறாங்களே. நீங்க மட்டும் குவாரிக்கு ஓடறீங்க. எக்ஸ்சேஞ்ச்ல எத்தினி பேரைப் பாத்திருக்கேன், போன் மணி அடிச்சா வெளிய ஓடற ஆளுக்குத்தான் அந்த போன் வந்திருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாசலில் அதன் நிழல் இரண்டு இறக்கைகளோடு விழுந்து கிடந்தது. இத்தனை வருஷம் வாயில் அடைத்துவைத்திருந்ததை, கஞ்சி ஆறட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இன்னொரு நாட்டோடு சண்டை வரும் வரும் என்று ஒன்பது நாள் இருந்தது. பேப்பரில்கூடப் பாதிதான் வந்தது. தணிகாசலம் அப்போது வானத்தில் சுற்றுகிற பொருள்களைக் கண்காணிக்கிற ஒரு பிரிவில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறை. அந்த நாட்டின் செயற்கைக்கோள் ஒன்று தினமும் தலைக்கு மேலே போய் எல்லாவற்றையும் படம் எடுத்தது. அதன் கண்ணைக் குருடாக்கிவிடலாம் என்று மேலே முடிவு செய்தார்கள். கீழேயிருந்து ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தினால் போதும். சத்தம் இல்லை, துண்டு துண்டாகச் சிதறாது, ஓர் ஆளுக்கும் காயம் இல்லை. நம்மால் முடியும் என்று ஒரு தடவை காட்டிவிட்டால் எதிரி அடுத்த அடி வைக்க மாட்டான், வானத்தில் ஒரு கண்ணைக் குத்தினால் பூமியில் ஒரு போர் நிற்கும் என்றார்கள். இதற்குப் பெயர் அச்சத்தால் தடுப்பது. படைப் படிப்பில் அதற்கு ஒரு தனிப் பாடமே உண்டு.

அவருடைய வேலை ஒன்றே ஒன்று. திரையில் தெரிகிற புள்ளி அந்தக் கோள்தானா என்று பார்த்து, "உறுதி" என்று சொல்வது.

"சொல்றதுக்கு முன்னாடி ஆபீசர்கிட்ட சொன்னேன்," என்றார் தணிகாசலம். "'சார், இதுல கண்ணு மட்டுமில்ல, காதும் இருக்கு. அவங்க மீன்புடி படகுங்க ஆபத்துன்னா இது வழியாத்தான் கூப்புடறாங்க. அந்த ஒளி பலகைங்க மேல பட்டு மின்சாரம் கொறைஞ்சா, இதுக்குக் கேக்கும், ஆனா கரைக்குச் சொல்ல முடியாது'ன்னேன். 'வேற வழி வச்சிருப்பாங்க'ன்னார். 'வச்சிருக்காங்களா சார்?'னு கேட்டேன். 'வச்சிருப்பாங்கன்னு நான் சொல்றேன்'னார். அதுக்கு மேல நான் கேக்கலை."

"உறுதின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

சண்டை வரவில்லை. கண்ணைக் குத்திய நாலாம் நாள் அந்த நாட்டுக் கடலில் புயல் வந்தது. மீன்பிடிக்கப் போன முப்பத்தேழு பேர் திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் உள்பக்கத்தில், விரல் அளவு செய்தியாக அவர் அதைப் படித்தார். பிரிவில் எல்லோருக்கும் பதக்கம் வந்தது; எதற்கு என்று பதக்கத்தில் எழுதியிருக்கவில்லை.

பூங்காவனம் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஒன்பது வருஷமா நீங்க நடுராத்திரியில எந்திரிச்சு உக்காரும்போதெல்லாம், வாயுத் தொல்லைன்னு நெனச்சு நான் ஓமத் தண்ணி வச்சுக் குடுத்துக்கினு இருந்தேன்."

"குடிச்சேனே."

"ஆமா. ஒருநாள்கூட வேணாம்னு சொல்லல." அவள் எழுந்தாள். "இன்னிக்கு சாயந்தரம் நீங்க மேல வரணும்."

"வந்து இன்னா சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியாது. நான் ஆபரேட்டர். இணைச்சுதான் குடுப்பேன். பேச வேண்டியவங்கதான் பேசணும்."

அன்று அவர் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். வெளுத்துப்போன அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. குரல்கள் வந்தன. ஒன்பது வருஷமாகத் தன் மனத்துக்குள் அவர் கேட்டிருந்த குரல்கள் வேறு; அவை அலறின. இவை அலறவில்லை. பொறுமையாக, இடம் சொல்லி, பெயர் சொல்லி, மறுபடி இடம் சொல்லி, கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிக் கூப்பிட்டன. தணிகாசலம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுநாளும் காற்றுதான் வந்தது.

அந்த வாரம் அவர் மூன்று பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார். விசாரணை செய்யுங்கள், தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன் என்று முடித்திருந்தார். ஜெயில் வரலாம் என்று பூங்காவனம் இரண்டு ஸ்வெட்டரை வெயிலில் போட்டு எடுத்துவைத்தாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் தேதியில் அப்படி ஒரு நடவடிக்கை நடைபெறவில்லை, தாங்கள் அன்று விடுப்பில் இருந்தீர்கள் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இருந்த தனிமை போல் எந்த முகாமிலும், எந்தப் பனியிலும் அவருக்கு இருந்ததில்லை. செய்த பாவத்தைக்கூட அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு அவர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் எழுந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்; பதினெட்டுப் பேர் இருந்தார்கள். சங்கத்தின் தலைவர் முனிரத்தினம், ஓய்வுபெற்ற சுபேதார், ஒரு போரில் இடது காதை இழந்தவர். வலது காதைத் திருப்பி முழுக்கக் கேட்டார்.

"உனுக்கு இன்னாய்யா அதுல? ஆர்டர் வந்துது, செஞ்ச," என்றார். "சண்டை வந்திருந்தா எத்தினி ஆயிரம் போயிருக்கும்? இந்த ஊர்லயே நாப்பது புள்ளைங்க அப்ப எல்லையில நின்னுச்சு. அத்தினி பேரும் இன்னிக்கு உசுரோட கீறானுங்க. யாரால?"

"சண்டை வந்திருக்குமாண்ணா?"

"வந்திருக்கும்."

"தெரியுமா?"

முனிரத்தினம் வாசல் பக்கம் பார்த்தார்.

"எனக்கும் தெரியாதுண்ணா. வந்திருந்தா, என்னால நாப்பது புள்ளைங்க பொழச்சாங்க. வந்திருக்காதுன்னா, சும்மாவே முப்பத்தேழு பேரு. நடக்காமப் போனதை நான் எப்படி எண்ணுவேன்? நடந்தது மட்டும் தினமும் மாடியில பேசுது."

கடைசி வரிசையிலிருந்து, மலைப் போரில் இருந்து வந்த பிறகு பதினைந்து வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாத சின்னப்பையன் என்பவர், எழுந்து வந்து தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தபோது தன் டம்ளரை எடுக்காமல் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. கிழவர்கள் முன்போலவே நிழலில் தாயம் ஆடினார்கள், கடைக்காரர் முன்போலவே "வாங்க சார்" என்றார். அவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று தணிகாசலத்துக்கு இருந்தது.

தை மாதத்தில், எந்தக் கல்யாண ஜோடியோ எடுத்த வீடியோ ஒன்று, பின்னணியில் அந்தக் குரல்களோடு, ஊர் ஊராகச் சுற்றி, கடல் தாண்டி, ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மாசி மாதத்தில் அவள் வந்தாள். பெயர் மாலேன். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், கயிறு அறுத்த விரல்கள். பாஷை சொல்ல நகரத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் தெருப் பிள்ளைகள் பழக்கத்தில் அவளைப் பார்த்து, "எலா மோரே!" என்றார்கள்.

மாலேன் அப்படியே நின்றுவிட்டாள். பாஷை சொல்லும் பெண் பிள்ளைகளைப் பார்த்து, "அதுக்கு அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டாள். "யாராவது இருக்கீங்களான்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

கடைசியாக வருகிற இளங்குரல் தன் தம்பியுடையது என்று மாலேன் சொன்னாள். அவள் சாப்பிட ஷம்ஷாத் வீட்டில் சோறு ஆக்கினார்கள். முனிரத்தினம் தணிகாசலத்தைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லாத. தம்பி குரலைக் கேட்டுட்டு நிம்மதியாப் போவட்டும். நீ சொன்னா அவளுக்கு இன்னா லாபம்? உனுக்கு மனசு எறங்கும், அவளுக்கு ஏறும்." அது ஞாயமாகத்தான் இருந்தது. தணிகாசலம் தலையாட்டினார்.

நாலரைக்கு மாலேன் தனியாக மாடிக்குப் போனாள். தெரு மொத்தமும் கீழே சத்தமில்லாமல் நின்றது. குரல்கள் வந்தன, ஒன்றொன்றாகப் போயின, கடைசியாக, பாதியில் நிற்கிற அந்த இளங்குரல் வந்தது. மேலேயிருந்து அவள் அதற்குப் பதில் சொல்வது கேட்டது. அந்தக் குரல் நிறுத்திய இடத்திலிருந்து அவள் பேச ஆரம்பித்து, வெகுநேரம் பேசினாள். பாங்கு சொல்கிறவர் அன்று மைக்கைத் தொடவே இல்லை. வாசலில் நின்று வாயாலேயே சொன்னார்.

இறங்கி வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் முகம் தெளிந்திருந்தது. நேராகத் தணிகாசலத்திடம் வந்தாள். தோள்பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தாள். அலை அலையாக நீல நூல் ஓடிய கைத்தறிப் போர்வை. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"என் தம்பி ஓர் இடமும் கிடைக்காம அலைஞ்சிருக்கான், நீங்க உங்க வீட்டுல இடம் குடுத்திருக்கீங்க," என்று பாஷை சொல்லும் பெண் தமிழாக்கினாள். "இது எங்க அம்மா நெய்தது. அவனுக்குன்னு நெய்தது. நீங்கதான் வாங்கிக்கணும்னு சொல்றாங்க."

தணிகாசலம் கையை நீட்டினார். போர்வை கைக்கு வந்தது. கனமாக, மெத்தென்று இருந்தது. கூட்டத்தில் முனிரத்தினம் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பூங்காவனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றார் தணிகாசலம். "இந்தக் கோளோட கண்ணைக் குத்தினவங்கள்ல நான் ஒருத்தன். இதுதான்னு அடையாளம் காட்டினது நான். படகுங்க கூப்புட்டா கரைக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் காட்டினேன்."

பாஷை சொல்லும் பெண் திகைத்து அவரைப் பார்த்தாள். "சொல்லு," என்றார். அவள் சொன்னாள்.

மாலேன் அவர் கையிலிருந்த போர்வையைப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு, அது முடிஞ்சதும், என்ன பண்ணீங்கன்னு கேக்கறாங்க."

ஒன்பது வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஸ்வீட் குடுத்தாங்க," என்றார். "மைசூர்பாகு. ஒண்ணு தின்னேன். நல்லா இருந்துது. இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னேன்."

அந்தப் பெண் அதையும் சொன்னாள். மைசூர்பாகு என்றால் என்ன என்று மாலேன் கேட்டாள். கடலைமாவும் நெய்யும் சர்க்கரையும் என்று பாஷை சொல்லும் பெண் சொன்னாள். மாலேன் தலையசைத்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் போர்வையைத் திருப்பிக் கொடுத்தார்.

அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் நிதானமாகப் பேசினாள். பாஷை சொல்லும் பெண் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். "எங்க அரசாங்கம் அந்தக் கோள் தானாவே பழுதாச்சுன்னு சொல்லிச்சு. அடி வாங்கினதை ஒத்துக்கிட்டா அவங்களுக்கு அவமானம். உங்க அரசாங்கம் இங்க நிக்கறது அந்தக் கோளே இல்லைன்னு சொல்லுதாம், இந்த ஊர்க்காரங்க சொன்னாங்க. ஒன்பது வருஷமா எங்க துறைமுகத்துல நான் மட்டும்தான், யாரோ பண்ணினாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். பைத்தியம்னாங்க. அது நடந்துதுன்னு உலகத்துல சொல்றது நீங்களும் நானும்தான்." அவள் நிறுத்தினாள். "நீங்க பொய் சொல்லலை. அது போதும்னு நான் சொல்ல மாட்டேன்."

"வேணாம்மா," என்றார் தணிகாசலம். "சொல்லாதீங்க."

மாலேன் ஒரு தாள் கேட்டாள். அவர் சொன்னதை எல்லாம், மைசூர்பாகையும் சேர்த்து, அவர் கையாலேயே எழுதித் தரச் சொன்னாள். முன்னறையில் உட்கார்ந்து எழுதினார். கீழே பெயரும் படை எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டார். உறுதிமொழியை மீறினதற்குச் சிறை உண்டா என்று எதிரில் நின்ற முனிரத்தினம் கேட்டார். "நான்தான் அன்னிக்கு லீவாச்சே அண்ணா," என்றார் தணிகாசலம்.

மறுநாள் காலை அவள் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ நகர்ந்ததும் மாடிக்கு மேலே ஒரு சிறு அசைவு. கோள் அங்கிருந்து விலகி, ஆட்டோவின் உயரத்துக்குத் தாழ்ந்து, அவளுக்குப் பின்னால், அதே வேகத்தில் கிளம்பியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அவ்வளவு பெரிய உடம்புக்குத் தெரு போதவில்லை. உடனே லைன்மேன் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினார். ஆட்கள் மூங்கில் கழிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, தேர் போகும்போது செய்வது போல, மின்கம்பிகளையும் கேபிள் வயர்களையும் தூக்கிப் பிடித்தார்கள். அற்புதம் தன் கடையின் பலகையைக் கழற்றி வழிவிட்டாள். காக்கைகள் கூட்டோடு போக மனமில்லாமல், அதை விட்டுவிடவும் மனமில்லாமல், கூடவே பறந்து கத்தின. சங்கத்துக்காரர்கள் தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். சின்னப்பையன் மட்டும் கடைசிவரை ஒரு கம்பியைக் கழியால் தாங்கிப் பிடித்திருந்தார். கோள் கடந்துபோன பிறகும் இறக்கவில்லை.

தணிகாசலம் நெடுஞ்சாலை வரைக்கும் பின்னால் நடந்தார். அங்கே ஆட்டோ கிழக்கே திரும்பியது. மாலேன் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கத் தாள் கொஞ்ச தூரம் மினுங்கியது, பிறகு லாரிகளுக்கும் புளியமரங்களுக்கும் மேலே ஏறி ஒரு பொட்டாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே திரும்பினார்கள். மிளகாயை இனி மாடியிலேயே காயவைக்கலாம் என்று ஷம்ஷாத் யாரிடமோ சொன்னாள்.

அவர் சாலையோரத்திலேயே நின்றார். பூங்காவனம் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"வெயில் ஏறுது. வாங்க போலாம்."

"நீ போ. நான் கொஞ்ச நேரம் நிக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

அவர் யோசித்தார். "தெரியலை," என்றார்.

பூங்காவனம் போகவில்லை. பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை. நாலு எட்டு தள்ளி, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் பார்த்த திசையிலேயே அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.